கில்லி பட்ட கண், 36 வருஷம் கழித்து

வைகைக்கரை
1988 கோடை லீவு, எனக்கு ஒன்பது வயசு. அண்ணன் அடித்த கில்லி நேராக வலது கண்ணில் வந்து பட்டது. கண்ணுக்குள் ரத்தம் தேங்கி எல்லாம் செம்மண் தண்ணீர் வழியாகப் பார்ப்பது மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் அசையாமல் படுக்கவைத்தார்கள், ரத்தம் வடிந்தது, பார்வை வந்தது, அம்மா குலசாமிக்கு முடி இறக்கினார். அதோடு எல்லோரும் மறந்துவிட்டோம்.

போன வருஷம் டீக்கடை வாசலில் இடது கண்ணில் தூசி விழுந்து அதைப் பொத்திக் கசக்கினேன். வலது கண்ணுக்குக் கடைக்காரர் கையிலிருந்த கிளாஸ் தெரிகிறது, பக்கத்தில் நின்ற ஆளைக் காணவில்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை. இவ்வளவு நாளும் இடது கண் ஈடுகட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

டாக்டர் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் பார்த்தார். இடது 15, வலது 38. 10 முதல் 21 வரைதான் இருக்கணுமாம். உடனே, "சின்ன வயசுல இந்தக் கண்ணுல அடி பட்டுச்சா?" என்று கேட்டார், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மரத்துப்போக சொட்டு விட்டு, கண்ணாடி பதித்த சின்ன லென்ஸைக் கண்மேல் வைத்துப் பார்த்தார். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் மூலை அன்றைக்கு அடியில் கிழிந்து, அந்த வடிகால் வருஷக்கணக்கில் தழும்பேறி அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. நீர் வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் இந்த நோய்க்குப் பேர் கிளாக்கோமா. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. எனக்கு வீசிங் உண்டு என்றதும் டிமோலால் என்ற சொட்டு மருந்து வேண்டாமென்று வேறு எழுதினார், ஆஸ்துமா உள்ளவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஈர்க்குவில்
என் மச்சானுக்குக் கண்ணில் ஈர்க்குச்சி அம்பு குத்தியது, ஆறு வயசில். அதில் வந்த கண்புரைக்கு ஆபரேஷன் அப்போதே நடந்தது. இருபத்தெட்டு வயசில் திடீரென்று கண்ணோரம் மின்னல் வெட்டுவது போல ஒளி, கரும்புள்ளிகள், ரெண்டு நாளில் கீழிருந்து கறுப்புத் திரை ஏறியது. விழித்திரை கிழிந்து விலகியிருக்கிறது. அன்று ராத்திரியே ஓடினோம், நடுப்பார்வை தப்பியது.

மாடிவீட்டம்மா
என் மகளுக்குப் போன மாசம் கிரிக்கெட் பந்து பட்டது. இப்போது நன்றாகத் தெரிகிறது என்கிறாள். விட்டுவிடலாமா அண்ணா?

வைகைக்கரை
விடாதீர்கள்மா. காயம் ஆறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு, அந்த மூலையைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி செய்யச் சொல்லுங்கள், சொட்டு விடுவதால் வலிக்காது. அப்புறம் வருஷம் ஒருமுறை அழுத்தம் பார்க்கணும், பாப்பா பெரியவளானாலும். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், என் 1988 சீட்டு வீட்டில் இல்லை.