பொருள்: குளிர் உடுப்பு வசூல் – எட்டாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகளைப் பாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியில் நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்க, வெளிநாட்டில் இருக்கும் நாம் சங்கத்தின் பெயரில் செய்யும் வசூலைப் பற்றி எழுதுகிறேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, கோத்தகிரி பஸ்ஸுக்கு நின்ற பெரிய பிள்ளைகளைப் பற்றி சிங்கப்பூர் அக்கா எழுதியிருந்தார். கையை ஷாலுக்குள் சுருட்டிக்கொண்டு நின்றார்களாம், ஒருவரிடமும் ஸ்வெட்டர் இல்லையாம். படித்த கையோடு மூன்று வீட்டில் பழைய உடுப்பைப் பெட்டி கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து நிறுத்துங்கள். உடுத்திய துணியை லைசென்ஸ் இல்லாமல் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய முடியாது. போன தடவை பெட்டி என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும்.

அக்கா பார்த்தது ஏன் பெரிய பிள்ளைகள் என்று யோசியுங்கள். மலைப்பகுதியில் சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8 வரையான பிள்ளைகளுக்கு அரசே ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், சாக்ஸ் கொடுக்கிறது. 9-இல் கால் வைத்ததும் அது நின்றுவிடும். லைனில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்து அதிகத் தூரம் போய்ப் படிப்பதும் அவர்கள்தான். உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகி வீட்டு வரும்படி குறைவதும் அதே மார்கழி, தை. ஆகவே நம் பணம் 9 முதல் 12 வரை படிப்பவர்களுக்கு மட்டும் போகட்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுப்பது சுலபம், ஆனால் அவர்களுக்கு அது இரண்டாவது ஸ்வெட்டர்.

எதை வாங்குவது என்பதில்தான் வழக்கமாகத் தவறு நடக்கிறது. விலை குறைந்தவை பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். பிள்ளைகள் விறகடுப்பு ஓரம் உட்கார்ந்து படிக்கும்போது மணிக்கட்டுப் பட்டி உருகி, கருஞ்சொட்டாக இறுகி, கையைக் கீறும். முழுக் கம்பளி உருகாது. ஆனால் வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிவிடும், குளிருக்கு லைனில் வெந்நீரில்தான் துவைப்பார்கள். அதனால் கம்பளி கலந்த நூலாக, லேபிளில் சதவீதம் அச்சிட்டதாகக் கேளுங்கள். ஒரு தடி ஸ்வெட்டரைவிட மெல்லியது இரண்டு நல்லது. மேகமூட்டத்தில் தடியானது இரண்டு நாளானாலும் காயாது, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் அடுப்புக்கு மேல் கொடியில் போடுவார்கள். இரண்டு இருந்தால் மாற்றிப் போடலாம், கடுங்குளிர் நாளில் ஒன்றன்மேல் ஒன்றாகவும் போடலாம். ஜிப் வேண்டாம், பட்டன் போதும். ஜிப் பிய்ந்தால் ஸ்வெட்டரே போச்சு, பட்டனை அம்மா தைத்துவிடுவார்.

வகுப்பை வைத்து சைஸ் ஊகிக்கக் கூடாது. யூனிஃபார்ம் சட்டைக்கு மேலே மார்புச் சுற்றை அளந்து 4 அங்குலம் கூட்டுங்கள், கை நீளத்துக்கு 2 அங்குலம். மடித்துவிட்டால் அடுத்த வருடமும் ஆகும். அளவு கொடுக்காவிட்டால் கடையில் எல்லா சைஸிலும் சமமாகக் கட்டிவிடுவார்கள். கடைசியில் சின்னது மிஞ்சும், வளர்ந்த பையன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். 100 பேருக்கு 106 வாங்கினால் அந்த 6-ம் பெரிய சைஸாக இருக்கட்டும். நிறம் எது என்று தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கைக்குப் போய்ச் சேர வேண்டும். டிசம்பரில் கொடுத்தால் குளிர் தொடங்கிவிட்டிருக்கும்.

– துபாயிலிருந்து

*

தம்பி எழுதியது சரி. கணக்கை முதலில் பேசுவோம்.

சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான மத்திய அரசுப் பதிவு, இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுத்தால் ஆகும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும் அப்படித்தான். பதிவு உள்ள ஒரு டிரஸ்ட் வாங்கி நமக்கு மாற்றித் தரட்டும் என்று சொல்வதும் இனி நடக்காது, 2020 சட்டத் திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. ஆகவே குடியுரிமை மாறிய கனடா, லண்டன்காரர்கள் இந்த வசூலில் பணம் போடக் கூடாது. சொந்தக்காரர் கணக்கில் போட்டு அங்கிருந்து திருப்பிவிடலாம் என்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம்.

பணம் தனி ஆள் கைக்குப் போகக் கூடாது, கடைக் கணக்குக்கே போகட்டும். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். ஒரு உருப்படி 2,500 ரூபாய்க்குள் என்றால் வரி 5 சதவீதம்தான், அதற்கு மேல் போட்டால் கேளுங்கள். பெயர், வகுப்பு, சைஸ், பெற்றோர் கையெழுத்து நான்கும் ஒரே தாளில் வரட்டும். தண்ணீர்த் தொட்டி வசூலின் மிச்சத்துக்கு இதுவரை பதில் வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

– குவைத்திலிருந்து

*

மாமா, பணம் போடக் கூடாது என்றால் நாங்கள் ஊர்க்காரர் இல்லையா? இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள்தானே எல்லோரும். மலைக்கு வந்தபோது அவர்களிடம் இருந்த குளிர் உடுப்பு, கொழுந்து எடுக்கையில் போர்த்திய அந்தக் கம்பளி ஒன்றுதான். மழைக்கும் அதுவே, படுக்கவும் அதுவே என்று வைத்திருந்தார்கள். ஸ்வெட்டரின் நெஞ்சில் சங்கப் பெயரைத் தைக்க வேண்டும். கோயில் கல்வெட்டில் அப்பா பெயரை விட்ட மாதிரி இதிலும் விட்டுவிடாதீர்கள்.

– டொரண்டோவிலிருந்து

*

அண்ணே, கோபப்படாதீங்க. பெயர் தைத்தால் பதினான்கு வயதுப் பிள்ளை அதைப் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே கழற்றிப் பைக்குள் வைத்துவிடும். தானம் வாங்கியது என்று ஊருக்கே தெரியும் அல்லவா. உள்பக்கம் கழுத்துப் பட்டியில் பிள்ளையின் பெயரைத் தைக்கலாம், மாறிப் போகாது.

பணம் இல்லாமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு ஆளும் இல்லை. அளவுத் தாள் வந்ததும் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, சந்தேகம் உள்ள வீட்டுக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும். மேல் லைன், கீழ் லைன் இரண்டிலும் உங்களுக்குத்தான் எல்லோரையும் தெரியும். ஜூலை கடைசிக்குள் அளவெடுத்து முடிக்க வேண்டும். தையல்காரரின் இன்ச் டேப் இரண்டு போதும், இழுத்து நைந்த பழையது வேண்டாம், அளவு தப்பும்.

– துபாயிலிருந்து