கேஸ் ஷீட்டைத் தொடாதே (எங்கள் குடும்பக் குழு, 22-ஆம் தேதி இரவு)

கார்த்தி: மாமா, நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏப்ரலில் நான் செய்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். தையலில் சீழ் வைத்தது என் அலட்சியமாம். 8 லட்சம் கேட்கிறார்கள்.

செல்வி சித்தி: ஐயோ! ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பார்த்தாயே!

முருகன் சித்தப்பா: டாக்டர் மேல் நுகர்வோர் கேஸா? இவன் என்ன மளிகைக் கடையா வைத்திருக்கிறான்?

சுந்தரம் மாமா: மாப்பிள்ளை, அந்த வாதம் 1995-லேயே முடிந்தது. காசு வாங்கி வைத்தியம் பார்த்தால் அது சேவைதான் என்று சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார்த்தி, நோட்டீஸ் வந்த தேதி?

கார்த்தி: இன்றுதான் பார்த்தேன்.

சுந்தரம் மாமா: கையெழுத்துப் போட்டு வாங்கிய தேதியைச் சொல்.

கார்த்தி: வாட்ச்மேன் 3-ஆம் தேதி வாங்கியிருக்கிறார். ரிசப்ஷன் டிராயரில் கிடந்திருக்கிறது 🤦

சுந்தரம் மாமா: 19 நாள் போச்சு! பதிலுரைக்கு 30 நாள். ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15. அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது, 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது.

முருகன் சித்தப்பா: நேரில் போய் ஒரு தொகை கொடுத்து முடித்தால்?

சுந்தரம் மாமா: சமரசம் தப்பில்லை. ஆனால் முதலில் உன் இன்டெம்னிட்டி பாலிசிக்காரர்களுக்கு, அதாவது இந்த மாதிரி நஷ்ட ஈட்டுக்காக நீ எடுத்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு, தகவல் போகட்டும். அவர்களைக் கேட்காமல் ஒப்புக்கொண்டால் கையை விரித்துவிடுவார்கள்.

கார்த்தி: சரி மாமா. அப்புறம்... அன்று ராத்திரி 11 மணிக்குப் போய்ப் பார்த்து ஆன்டிபயாடிக் மாற்றச் சொன்னேன். கேஸ் ஷீட்டில் எழுத மறந்துவிட்டேன். இப்போது ஒரு வரி சேர்த்து...

சுந்தரம் மாமா: பேனாவைக் கீழே வை!!

சுந்தரம் மாமா: அவர்களிடம் நகல் இருக்கிறதா?

கார்த்தி: ஜூனில் எழுதிக் கேட்டார்கள். இரண்டாம் நாளே கொடுத்துவிட்டோம்.

சுந்தரம் மாமா: நல்லது, விதிப்படி 72 மணி நேரம்தான். ஆனால் யோசித்துப் பார்: அவர்கள் நகலில் இல்லாத வரி உன் ஒரிஜினலில் இருந்தால்? எழுத மறந்ததற்கு ஏதாவது பதில் சொல்லலாம். திருத்தியதற்கு என்னாலும் வாதாட முடியாது. நர்ஸ் சார்ட்டில் மருந்து மாற்றிய நேரம் இருக்குமே?

கார்த்தி: இருக்கிறது மாமா! 11.20, 'டாக்டர் சொன்னபடி' என்று எழுதியிருக்கிறார். போட்டோ போடவா?

சுந்தரம் மாமா: இங்கே வேண்டாம், நோயாளி பெயர் இருக்கும். எனக்குத் தனியாக அனுப்பு. அந்த நர்ஸிடம் பிரமாணப் பத்திரம் வாங்குவோம்.

செல்வி சித்தி: போலீஸ் வருமா அண்ணா?

சுந்தரம் மாமா: இது நஷ்ட ஈட்டு வழக்கு, செல்வி. கிரிமினல் என்றாலும், வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்ட பிறகுதான் மேலே போக வேண்டும். 2005 ஜேக்கப் மாத்யூ தீர்ப்பு.

கார்த்தி: அந்த நர்ஸ் போன மாதம் வேலையை விட்டுவிட்டார் மாமா. சங்கரன்கோவில் பக்கம்.

செல்வி சித்தி: எங்கள் நாத்தனார் ஊராச்சே! இப்போதே விசாரிக்கிறேன்.

சுந்தரம் மாமா: செல்வி, நீ ஒன்றும் விசாரிக்காதே 🙏