மாண்டோலா செய்யக் கொடுக்கிறேன், எந்த மரம் போடலாம்?

வணக்கம். மர இசைக்கருவி வைத்திருப்பவர்கள், வீணைக்காரர்கள் உட்பட, கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்.

கையாலேயே கருவி செய்யும் ஒருவரிடம் மாண்டோலா ஒன்று கேட்டிருக்கிறேன். மாண்டலினுக்கு அண்ணன் மாதிரி: இரண்டிரண்டாக எட்டுக் கம்பி, சுருதி ஒரு ச-ப இடைவெளி கீழே. ஆலாபனைக்கு அந்தக் கனத்த குரல்தான் எனக்கு வேண்டும்.

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ், பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் மேப்பிள் என்பது வழக்கமான ஜோடி. ஸ்ப்ரூஸ் எடை குறைவு, விறைப்பு அதிகம். கம்பிகளின் இழுவையைத் தாங்கும், நன்றாக அதிரவும் செய்யும். சீடர் போட்டால் நாதம் இன்னும் இதமாக வரும் என்கிறார் கருவி செய்பவர். ஆனால் மென்மையான மரம், நகம் பட்டாலே தழும்பு விழும். பின்பலகைக்கு எனக்கு வீணை செய்யும் பலா மரத்தின் மேல் ஒரு கண். சொன்னேன், சிரித்தார், மறுக்கவில்லை!

பயமெல்லாம் சிங்கப்பூர் ஈரப்பதத்தை நினைத்துத்தான். வெளியே பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இந்த மாதிரிக் கருவிகளுக்கு 45 முதல் 55 வரை இருந்தால் நல்லது. என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலோ இரவில் ஏர்கான், பகலில் திறந்த ஜன்னல். மரம் தினமும் ஊதிச் சுருங்கும்.

இங்கே சீடர் பலகைக் கருவி வைத்திருப்பவர் யாராவது உண்டா? மேல்பலகை உப்பியதா, ஒட்டு விட்டதா? பலாவைப் பின்பலகையாக மெல்லிசாக இழைத்தால் வெடிக்குமா? அப்புறம், ஃப்ரெட் (வீணையில் மெட்டு மாதிரி) தேய்ந்தால் மாற்றித் தரும் நல்ல கைக்காரர் இங்கே யாரையாவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். மரத்தை இந்த மாதக் கடைசிக்குள் முடிவு செய்யவேண்டும்.