வேர்ப்பூஞ்சையா, பூஞ்சைவேரா, வேராம்பியா?

அரூர்:
வணக்கம். திங்கக்கிழமை ஒரு செய்முறைக் குறிப்பு அச்சுக்குப் போகணும். மூலிகைச் செடிங்களோட வேரடி மண்ணுல இருக்குற மைக்கோரைசா, அதாவது வேரோட கூட்டா வாழுற பூஞ்சை, அதோட வகைகள் பத்தி. ஆடாதோடை, சிறுகுறிஞ்சான், கீழாநெல்லினு பசங்க மண்ணெடுத்து தண்ணியில கரைச்சு, சல்லடை சல்லடையா வடிச்சு, ஸ்போரை (பூஞ்சையோட வித்து) மைக்ராஸ்கோப்புல வச்சு குளோமஸ் வகையா அக்காலோஸ்போரா வகையானு பிரிக்கணும். வேலை புரிஞ்சுடுச்சு, மைக்கோரைசாவுக்குத் தமிழ்ப் பேர்தான் இடிக்குது. 'வேர்ப்பூஞ்சை'னு எழுதினேன், வீட்ல கண்வலிக்கிழங்கு போட்டிருக்குற ஒரு பொண்ணு 'அதுக்கு என்ன மருந்து ஊத்தணும் மேடம்'னு கேட்டா. வேரழுகல்னு நெனச்சுட்டா. அதான் கவலையா இருக்கு.

கிருஷ்ணகிரி:
அம்மா, பூஞ்சையே வேணாம். நோஞ்சான் புள்ளையத்தான பூஞ்சை உடம்புனு சொல்றோம். ஆம்பினு நல்ல சொல் இருக்கு, புறநானூறு 164ல சமைக்கவே மறந்த அடுப்புல பூத்துக் கெடக்குதே அதான். வேர், ஆம்பி சேர்ந்தா வேராம்பி, புணர்ச்சி சுத்தமா இருக்கு. ஔவைக்கு நெல்லிக்கனி குடுத்த அதியமான் ஊர்ல இருந்துகிட்டு நெல்லி வேருக்குக் கிரேக்கத்துல பேர் தேடணுமா?

பென்னாகரம்:
ஐயா, ஆம்பின்னா குடை விரிக்கிற காளான். மூலிகை வேர்ல இருக்குற இந்த வகை குடையே விரிக்காது, மண்ணுக்குள்ளயே ஸ்போர் வச்சு, வேரோட செல்லுக்குள்ள பூந்து குட்டி மரமாட்டம் கிளைக்கும், அங்கதான் மணிச்சத்தைச் செடிக்குக் குடுத்து சர்க்கரை வாங்கிக்குது. ஆர்பஸ்குலர்ங்கிற பேரே அந்தக் குட்டி மரத்தாலதான். கடையில எல்லாரும் 'வேம்' (VAM, வெசிகுலர் ஆர்பஸ்குலர் மைக்கோரைசா) குடுங்கனுதான் கேக்குறாங்க. அதுல வர்ற வெசிக்கிள், அதாவது சின்னப் பை, எல்லா வகையிலயும் இல்லனு ஆராய்ச்சிக்காரங்களே அந்தப் பாதிய விட்டுட்டாங்க, மூட்டையில பழைய பேரே ஓடுது. வேளாண் துறைக்காரங்க எழுதுற 'வேர் உட்பூசணம்' போதாதா?

ஓசூர்:
போதாது. பைன் மர வேர்ல அது வெளிய உறை மாதிரி போத்திக்கிட்டு இருக்கும், அங்க 'உள்' எப்படிப் பொருந்தும்? இன்னொண்ணு, 1885ல ஜெர்மன் தாவரவியலாளர் ஃபிராங்க் மைக்கோரைசானு பேர் வச்சது பூஞ்சைக்கு இல்ல, பூஞ்சையும் வேரும் ஒண்ணா ஆகிப்போன அந்த உறுப்புக்கு. வேர்ப்பூஞ்சைனு ஒற்றுப் போட்டா வேர்ல இருக்குற பூஞ்சை, ஏழாம் வேற்றுமை. வேரும் பூஞ்சையும்ங்கிற உம்மைத்தொகையில வல்லினம் மிகாதே, அப்ப ஒற்றில்லாம 'வேர்பூஞ்சை'னுதான வரணும்? பூஞ்சைவேர்னா இந்தச் சிக்கலே இல்ல.

கிருஷ்ணகிரி:
பூஞ்சைவேர்னா நோஞ்சான் வேர்னுதான் எங்க ஊர்ல படிப்பாங்க.

அரூர்:
ஒற்றுக்காக நாலு நாள் போயிடுச்சு, ஆனா ஓசூர்க்காரர் சொன்ன 'ரெண்டும் சேர்ந்தது' மனசுல நின்னுச்சு. 'வேர்த்துணைப் பூஞ்சை'னு போடட்டுமா? துணைன்னு கேட்டா யாரும் மருந்தத் தூக்க மாட்டாங்க. முதல் தடவ மட்டும் பக்கத்துல மைக்கோரைசானு எழுதிடறேன்.

பென்னாகரம்:
சரிங்க மேடம், இது கடையில சொன்னாலும் புரியும்.

ஓசூர்:
அதுவும் பூஞ்சையோட பேர்தான், உறுப்போட பேர் இல்ல. அச்சு அவசரத்துக்கு ஒத்துக்குறேன்.

கிருஷ்ணகிரி:
நான் ஒத்துக்கல. வேராம்பிய அடிக்குறிப்புலயாவது போடுங்கம்மா.