வீட்டில் செய்த பிளேனார் ஸ்பீக்கரில் ஃபிலிம் தளர்ந்துபோகிறது: உதவி தேவை

வணக்கம். மதுரையில் என் வீட்டு மாடியறையில் நானே செய்த பிளேனார் மேக்னெடிக் ஸ்பீக்கர் (கூம்புக்குப் பதிலாக, காந்தங்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய மெல்லிய ஃபிலிம் அதிர்ந்து ஒலி தரும் வகை) ஜோடியில், இடப்பக்கப் பேனல் மூன்று வாரங்களாக 300 ஹெர்ட்ஸை ஒட்டிய சுரங்களில், குறிப்பாக நாகஸ்வரமும் ஆண் குரலும் ஓங்கும்போது, காகிதம் படபடப்பதைப் போல அதிர்கிறது. ஒலியளவைக் குறைத்தால் அந்தச் சத்தம் இல்லை.

பேனல் 60 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலம். 12 மைக்ரான் மைலார் (பாலியெஸ்டர்) ஃபிலிமில் 3 மி.மீ. அகல அலுமினியத் தடம் எட்டு ஓட்டங்களாகச் செல்கிறது, மின்தடை 3.4 ஓம். இருபுறமும் துளையிட்ட இரும்புத் தகட்டில் நியோடிமியம் காந்தப் பட்டைகள் உள்ளன; ஃபிலிமுக்கும் காந்தத்துக்கும் இடைவெளி 2 மி.மீ. கிராஸ்ஓவர் (இந்தப் பேனலுக்குச் செல்லும் ஒலி படிப்படியாகக் குறையத் தொடங்கும் கீழ் எல்லை) 400 ஹெர்ட்ஸ்.

மின்தடை மாறவில்லை. வலம் இடம் ஒயர்களை மாற்றிப் பார்த்தேன்; சத்தம் அதே பேனலில்தான் வந்தது. எதிரெதிர்க் காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் தகடு வளைந்திருக்குமோ என்று அளவுகோல் வைத்துப் பார்த்ததில் வளைவு தெரியவில்லை. ஆனால் மார்ச்சில் 170 ஹெர்ட்ஸாக இருந்த ஃபிலிமின் ஒத்ததிர்வு (அது இயல்பாக அதிரும் அதிர்வெண்) இப்போது 110க்கு இறங்கிவிட்டது; அதாவது ஃபிலிம் தளர்ந்துவிட்டது. ஃபிலிமை மீண்டும் இழுத்து ஒட்டினேன். இரண்டே நாளில் பழைய நிலை. சட்டத்தில் ஃபிலிமைப் பிடித்திருப்பது இருபக்க டேப் மட்டுமே. மே மாத வெயிலில் அது நழுவுகிறது என்பது என் ஐயம்.

இந்த வெப்பத்திலும் மைலாரின் இழுவிசை குறையாமல் நிற்க, டேப்புக்குப் பதிலாக எந்தப் பசையை அல்லது எந்தப் பிடிப்பு முறையைப் பயன்படுத்தலாம்?