தூசு வளையம் நிற்கவே மாட்டேன் என்கிறது, சிமுலேஷன் கோடில் பிழையா?

இரவுவானம்:
வணக்கம். முதுகலை ப்ராஜெக்டுக்காக இளம் விண்மீனைச் சுற்றியிருக்கும் தூசுத் தட்டை சிமுலேட் செய்கிறேன். சூரிய நிறையுள்ள விண்மீன், 100 வானியல் அலகு (ஒரு அலகு = புவி-சூரியன் தூரம்) வரை வாயு, அதில் நூறில் ஒரு பங்கு தூசு, துகள் 1 மி.மீ. ஒரு லட்சம் ஆண்டு ஓடுவதற்குள் தூசு எல்லாம் விண்மீனை நோக்கிச் சரிந்துவிடுகிறது. 2014-இல் அல்மா ரேடியோ தொலைநோக்கி எடுத்த எச்.எல். டாவ் என்ற இளம் விண்மீனின் படத்தில் அத்தனை வளையங்கள் அப்படியே நிற்கின்றனவே! 50 அலகில் 10 புவி நிறையுள்ள கோள் வைத்தும் பார்த்தேன், பயனில்லை.

பனிக்கோடு:
தூசு சரிவது பிழை இல்லை, இயற்பியலே அப்படித்தான். வாயுவை அதன் அழுத்தம் கொஞ்சம் தாங்குவதால் அது கெப்ளர் வேகத்தைவிட (ஈர்ப்பு மட்டும் இருந்தால் சுற்றும் வேகம்) சற்று மெதுவாகச் சுற்றும். தூசுக்கு அந்தத் தாங்கல் இல்லை. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது மாதிரி வேகம் இழந்து உள்ளே இறங்கும். எங்காவது அழுத்தம் மேடு கட்டினால்தான் நிற்கும்: மேட்டுக்கு வெளியே எதிர்க்காற்று, உள்ளே பின்காற்று, இரண்டும் துகளை உச்சிக்குத் தள்ளும். உங்கள் அழுத்த வரைபடத்தில் மேடு இருக்கிறதா? தட்டின் தடிமன் விகிதம், அதாவது விண்மீனிலிருந்து உள்ள தூரத்துக்குத் தட்டின் உயரம், எவ்வளவு?

இரவுவானம்:
மேடு இல்லை. 50 அலகில் லேசாக வளைகிறது, அவ்வளவுதான். விகிதம் 0.07.

பனிக்கோடு:
சரி, கோள் போதவில்லை. விகிதம் 0.05 என்றால் ஏறக்குறைய 20 புவி நிறை வேண்டும். அது விகிதத்தின் மும்மடிப்படி ஏறும், உங்களுக்கு ஏறக்குறைய 55 வரும். சனியின் நிறையை, அதாவது 95, வைத்துப் பாருங்கள்.

அலைவரிசை:
ஒரு வேண்டுகோள். வளையம் வந்தால் "எச்.எல். டாவில் கோள் இருக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். கோள் இல்லாமலும் அழுத்த மேடு உருவாகலாம். தட்டின் இடைவெளிக்குள் கோள்களையே நேரடியாகப் பார்த்தது பி.டி.எஸ். 70 என்ற இளம் விண்மீனில், 2018-இல் ஒன்று, 2019-இல் இன்னொன்று. அப்புறம், வளையத்தில் தூசு அடர்த்தி வாயுவை நெருங்கினால், தூசு வாயுவைத் திருப்பித் தள்ளுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரவுவானம்:
வந்துவிட்டது! கோளுக்கு வெளியே, 62 அலகில் வளையம் நிற்கிறது. உள்பக்கத் தூசு வடிந்து குழி விழுந்திருக்கிறது. உச்சியில் தூசு-வாயு விகிதம் 0.8 ஆனதால் திருப்பித் தள்ளுவதையும் சேர்த்தேன், வளையம் அகலமானது. இரண்டு படங்களையும் அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.