விண்டோஸுக்குப் பதிலா, யாரும் இலவசமா எடுத்து மாத்திக்கக்கூடிய லினக்ஸைக் கம்ப்யூட்டர்ல போட்டா அதுவும் அரசியலா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பாலக்கோடு, டிடிபி கடை:
கொள்கை கிள்கை எல்லாம் இல்லைங்க, காசில்லாமத்தான் வந்தேன். 2014 ஏப்ரல்ல விண்டோஸ் எக்ஸ்பிக்கு அப்டேட் நின்னுபோச்சு. கடையில இருந்த ரெண்டு சிஸ்டமும் புது விண்டோஸைத் தாங்காது. அக்கா பையனோட அரசு லேப்டாப்ல விண்டோஸோட, மத்திய அரசு நிறுவனம் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு (பசங்க அந்தப் பக்கமே போறதில்ல, அது வேற கதை). அவன்தான் ஒரு சிஸ்டத்துல லினக்ஸ் ஏத்திக் கொடுத்தான். மனு, பத்திரம், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஓடுச்சு.

மாட்டினது பழைய ஃபைல்கள்ல. யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டர்லயும் தமிழ் ஒரே மாதிரி தெரியற பொது முறை) வர்றதுக்கு முந்தின தமிழ் எழுத்துரு, அதுக்குன்னு தனி சாஃப்ட்வேர், அதைத் திறக்க ஒரு டாங்கிள் (கம்ப்யூட்டர்ல செருகற சாவி மாதிரி). ஒருநாள் டாங்கிள் செத்துப்போச்சு. வித்தவங்களைக் கேட்டா, 'புதுசா வாங்கிக்குங்க'ன்னாங்க. பத்து வருஷமா நான் உக்காந்து அடிச்ச கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து எல்லாம் திரையில ஜிலேபியா நிக்குது. என் பொட்டிக்குச் சாவி அடுத்தவன் கையில. அன்னைக்குத்தான் இது வெறும் டெக்னிக்கல் இல்லன்னு உறைச்சது.

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலை:
அண்ணே, எனக்கு அப்படித் தோணல. எங்க சர்வர்ல லினக்ஸ்தான். மாங்கா சீசன்ல ராத்திரி பகலா லாரி நிக்கும், எடை ரசீது வரலைன்னா டிரைவருங்க சண்டைக்கு வந்துடுவாங்க. நிக்காம ஓடுது, வச்சிருக்கோம். முதலாளிக்கு அது லினக்ஸ்னே தெரியாது. இதுல எங்க அரசியல்?

பென்னாகரம், பாலிடெக்னிக்:
இந்தச் சண்டை பேர்லயே இருக்குங்க. ரிச்சர்ட் ஸ்டால்மன்னு ஒரு புரோகிராமர் அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல இருந்தப்ப, பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா எல்லாருக்கும் தகவல் போற மாதிரி மாத்தப் பார்த்தாரு. அதை ஓட்டுற சாஃப்ட்வேரோட சோர்ஸ் கோடு (அதை எழுதின மூல வரிகள்) கேட்டாரு, தரல. 1983ல, யாரும் பார்த்து மாத்திப் பகிரக்கூடிய சாஃப்ட்வேரை உருவாக்கற குனு திட்டத்தை அறிவிச்சாரு, கேட்டது சுதந்திரம்; அதான் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்'னு பேர். 1998ல அதே மாதிரி சாஃப்ட்வேருக்கு 'ஓப்பன் சோர்ஸ்'னு பேர் வச்சவங்க, கம்பெனிக்காரங்க மிரளாம இருக்கத்தான் அந்தச் சுதந்திரப் பேச்சைக் குறைச்சாங்க. அரசியலே வேணாம்னு பேர் மாத்தினதும் அரசியல்தானே? மாங்கூழ் தம்பி, அந்த சர்வர் உங்க இஷ்டத்துக்கு ஓடுறதுக்கும் சாஃப்ட்வேரைப் பார்த்து மாத்திக்கிற அந்த உரிமைதான் காரணம்.

பாலக்கோடு, டிடிபி கடை:
பேப்பர் சிக்கினதுல ஆரம்பிச்சதா! அப்ப அவரு நம்ம ஆளு.

ஒண்ணு ஒத்துக்கணும். தருமபுரி ஆஃப்செட்காரர் கோரல் டிரா (விண்டோஸ்ல ஓடுற டிசைன் சாஃப்ட்வேர்) ஃபைல்தான் கேக்கிறார். அதுக்காகவே மூலையில ஒரு விண்டோஸ் சிஸ்டம் இன்னும் கிடக்கு.